நாலே கால் மீட்டர் தவறு

"கணக்கெடுப்பாளர் நிதானமானவர், பேச்சைக் குறைத்தவர், கூரிய பார்வை உடையவர். வரைபடத்தில் குறித்த இடத்தில், தரையில், அசையாமல் பத்து நிமிடம் நின்று நீர்ப்பறவைகளை எண்ணுபவர். எந்தப் பறவையின் மீதும் அவருக்குத் தனிப்பட்ட விருப்போ வெறுப்போ கிடையாது."

தலைநகர் ஹெல்சிங்கியிலிருந்து எங்களுக்கு வரும் கணக்கெடுப்புக் கையேட்டின் மூன்றாம் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறது. எங்கள் கூர்னா ஏரியில் முப்பத்தைந்து வசந்தங்கள் இந்த வேலையைச் செய்தவர் உர்போ ராசானென். மேற்படி வாசகத்தில் அவருக்குப் பொருந்துவது "பத்து நிமிடம்" என்பது மட்டும்தான். அதையும் அவர் தன் கைக்கடிகாரத்தில் பார்க்க மாட்டார். வானொலிச் செய்தியை வைத்துச் சரிசெய்த சமையலறை மணிக்கூட்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு போவார்.

எங்கள் ஊர்க்காரர்கள் வாயே திறப்பதில்லை என்று வெளியூரில் ஒரு பேச்சு உண்டு. அது உண்மை. ஊருக்கு ஒதுக்கிய பேச்சு முழுவதையும் உர்போ ஒருவரே குத்தகைக்கு எடுத்துக்கொண்டதால் மற்றவர்களுக்கு மிச்சம் இல்லாமல் போயிற்று. அவர் பால் வண்டி ஓட்டியவர். பண்ணை பண்ணையாகப் போய்த் தொட்டியிலிருந்து பாலை உறிஞ்சி நகரத்து ஆலைக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். ஒரு பண்ணையில் பால் ஏற ஐந்து நிமிடம் ஆகும். உர்போ நாற்பது நிமிடம் நிற்பார். எங்கள் பக்கத்துக் குளிரில் பால் கெடாது என்பதால்தான் அவருக்கு வேலை நிலைத்தது.

அவர் பிறந்த காலத்தில் உர்போ என்றால் வசந்தத்தில் புதரில் முதலில் அரும்பும் மொட்டு என்று பொருள். இப்போது பள்ளிப் பிள்ளைகள் வழக்கில் அதற்கு மடையன் என்று பொருள். யாரோ இதை அவரிடம் சொல்லி வருத்தப்பட்டபோது, "மொட்டா இருந்தப்ப மட்டும் யாரு பறிச்சா?" என்று கேட்டார். கல்யாணம் ஆகாதவர்.

விருப்பு வெறுப்பு விஷயத்துக்கு வருவோம். அன்னம் என்றால் அவருக்கு ஆகாது. அது எங்கள் நாட்டின் தேசியப் பறவை என்பதை அவர் ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. "ஏரி முழுக்க அதோட அப்பன் வீட்டுச் சொத்து மாதிரி நீந்தும், சின்ன வாத்து எதுவும் பக்கத்துல இருக்கக் கூடாது" என்பார். பாலிலிருந்து நீரைப் பிரித்துவிடும் என்று பேர் வாங்கிய பறவையை ஒரு பால்காரருக்குப் பிடிக்காமல் போனதில் எனக்கு வியப்பில்லை. பிடித்தது நாமத்தலை வாத்து. செம்பழுப்புத் தலை, நெற்றியில் வெளிர்நிறத்தில் நாமம், சீழ்க்கை அடிப்பது போன்ற குரல். தான் பேசும்போது குறுக்கே பேசத் துணிந்த ஒரே உயிர் அதுதான் என்று அதன்மேல் அவருக்கு ஒரு மரியாதை.

நான் வேட்டைச் சங்கத்தின் செயலாளன். மே மாதம் எண்ணுகிற வாத்துகளை ஆகஸ்டில் சுடுகிறவர்கள் நாங்கள். எண்ணாதவனுக்குச் சுட என்ன உரிமை என்பது எங்கள் நியாயம். உர்போ மட்டும் இதிலும் விதிவிலக்கு: எண்ணுவார், சுடமாட்டார். அவர் துப்பாக்கியோடு படகில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் பக்கத்து ஏரியில்கூட வாத்து இறங்காது என்பதால் சங்கமே அவரைக் கேட்டுக்கொண்ட ஏற்பாடு அது.

ஏரியைச் சுற்றி ஏழு இடங்கள். பனி உடைந்ததும் ஒரு காலை, மூன்று வாரம் கழித்து இன்னொரு காலை. ஆறாவது இடம் ஊர்க்காரி ஹெல்வியின் குடும்பப் பண்ணையில், கரையோரம், அவர்களுடைய பழைய வைக்கோல் கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்தது. வரைபடத்தில் சிவப்புப் புள்ளி வைத்துத் தெளிவாகவே குறித்திருந்தார்கள். 1989-ஆம் ஆண்டு மே மாதம் உர்போ முதல்முறையாக அந்தச் சிவப்புப் புள்ளிக்குப் போனபோது அங்கே ஏற்கெனவே சக்கரவர்த்தி நின்றுகொண்டிருந்தது.

சக்கரவர்த்தி என்பது ஹெல்வியின் அப்பா வளர்த்த காளை. அன்று காலை தொழுவத்துக் கதவை உடைத்துக்கொண்டு வசந்தம் வந்துவிட்டதா என்று பார்க்கக் கிளம்பியிருந்தது. உர்போ அதனிடம் பேசிப் பார்த்தார். பயனில்லை. கொட்டகைமேல் ஏணி சாய்ந்திருந்தது. ஏறி, தகரக் கூரையின் முகட்டில் கால்களை இருபுறமும் போட்டு உட்கார்ந்து, கழுத்து மணிக்கூட்டில் பத்து நிமிடம் வைத்து, ஏரியை எண்ணினார். கரையில் ஆள் உயரத்துக்கு நாணல். தரையில் நின்றால் அதற்கு இடையே ஒரு சந்து வழியாகத்தான் நீர் தெரியும். மேலேயிருந்து நாணலுக்குப் பின்னால் இருந்த உள்குடாவும் தெரிந்தது. அங்கே நாமத்தலை வாத்துகள் பதினோரு ஜோடி.

பதினொன்று என்றே எழுதினார். எங்கே நின்று பார்த்தார் என்று படிவத்தில் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அதுவரை வாழ்நாளில் அவர் எதையும் சொல்லாமல் விட்டதில்லை.

அடுத்த ஆண்டு சக்கரவர்த்தி கட்டிக் கிடந்தது. உர்போ ஒழுங்காகச் சிவப்புப் புள்ளியில் போய் நிற்கத்தான் இருந்தார். ஆனால் குளிர்காலத்தில் பொழுது போகாமல் கையேட்டை முழுக்கப் படித்துத் தொலைத்திருந்தார். ஏழாம் பக்கம்: "எண்ணும் இடம் எக்காரணம் கொண்டும் ஆண்டுக்கு ஆண்டு மாறக் கூடாது. மாறினால் முந்தைய ஆண்டுகளின் எண்கள் பயனற்றுப் போகும்." மூன்றாம் பக்கப்படி தரையில் நிற்க வேண்டும், ஏழாம் பக்கப்படி கூரைமேல் ஏற வேண்டும். உர்போ ஏழாம் பக்கத்தின் பக்கம் நின்றார். அதாவது, உட்கார்ந்தார்.

1993-இல் காளை செத்தது. அவர் இறங்கவில்லை. ஹெல்வி அப்போதே கேட்டார்:

"சக்கரவர்த்தியைப் புதைச்சு ஒரு மாசம் ஆச்சு உர்போ. இன்னும் யாருக்குப் பயந்து மேல உக்காந்திருக்க?"

"எனக்கு ஏழாம் பக்கத்துக்குத்தான் பயம்."

"உங்க அம்மா தவறினப்பகூட நீ இவ்வளவு நேரம் சும்மா இருந்து நான் பாக்கல."

"எண்ணுறப்ப பேசக் கூடாது. நீதான் பேசுற. இப்ப ஒரு கிளுவை வாத்தை ரெண்டு தடவை எண்ணிட்டேன், முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: "சென்ற ஆண்டு நின்ற அதே இடத்தில் நின்றீர்களா?" உர்போ ஒவ்வொரு ஆண்டும் "ஆம்" என்று எழுதினார். பொய் என்று எவரும் சொல்ல முடியாது. கூரை விஷயம் எங்கள் ஊரின் ரகசியமாகவே இருந்தது. அதாவது இருநூற்றுப் பதினெட்டுப் பேருக்கும் தெரியும், ஹெல்சிங்கிக்கு மட்டும் தெரியாது. படிவங்களை உறையில் போட்டு அனுப்பிய எனக்கும் தெரியும். கேட்காத கேள்விக்குப் பதில் எழுதுவது எங்கள் பக்கத்து வழக்கம் இல்லை.

2022 பிப்ரவரியில், சங்கக் கூட்டத்துக்குப் பின் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தபோது ஹெல்வி சாதாரணமாகச் சொன்னார்:

"கொட்டகையைப் பிரிக்கக் குடுத்துட்டேன். மார்ச் கடைசியில லாரி வருது, மண்ணு உறைஞ்சிருக்கும்போதே."

மழையிலும் வெயிலிலும் கிடந்து சாம்பல் பூத்த பழைய பலகைகளுக்குத் தலைநகரத்தில் ஏக கிராக்கி. உணவகங்களின் சுவரில் அடித்து அதன் முன்னால் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். எங்கள் கொட்டகைகள் ஒவ்வொன்றாக அப்படி ஊர் மாறிக்கொண்டிருந்தன.

"கூரை?" என்று கேட்டார் உர்போ.

"கூரையை மட்டும் அந்தரத்துல நிறுத்திவைக்கவா?"

உர்போ இலவங்கப்பட்டை ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனார். அதன் பிறகு மூன்று நாள் அவர் யாரிடமும் பேசவில்லை. கடையில் பேசவில்லை. பெட்ரோல் போடும் இடத்தில் பேசவில்லை. நான்காம் நாள் என் மனைவி, "சுகாதார நிலையத்துக்குப் போன் போடுங்க. இது பக்கவாதமா இருக்கும்" என்றாள்.

நான் உர்போ வீட்டுக்குப் போனேன். சமையலறை மேசைமேல் முப்பத்து மூன்று ஆண்டுப் படிவங்களின் நகல்கள். அவர் சொன்ன கணக்கு இதுதான். கொட்டகை போனால் தரையில் நிற்க வேண்டும். தரையிலிருந்து உள்குடா தெரியாது. எண்கள் ஒரே ஆண்டில் விழும். வாத்து போய்விட்டது என்று ஹெல்சிங்கியில் எழுதுவார்கள். அது பொய். கூரை விஷயத்தைச் சொல்லிவிட்டாலோ, முப்பத்து மூன்று ஆண்டுகளையும் தூக்கிக் குப்பையில் போடுவார்கள்.

"ஆறாவது இடத்தை மட்டும்தானே போடுவாங்க?" என்றேன், ஆறுதலாக.

"ஒரு தொட்டிப் பாலு கெட்டா வண்டிப் பாலு முழுக்கத்தான் கொட்டுவாங்க. நான் கொட்டியிருக்கேன்."

கடைசியில் என் கண்முன்னாலேயே தொலைபேசியை எடுத்தார். ஹெல்சிங்கியில் இந்தக் கணக்கைப் பார்ப்பவர் தாரு என்ற ஆய்வாளர். மின்னஞ்சலில் மட்டும் எங்களுக்குப் பழக்கம். உர்போ முதல் இருபத்தைந்து நிமிடம் அன்னங்களின் ஒழுக்கக்கேட்டைப் பற்றிச் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அந்த ஆறாவது இடம் இருக்கு பாருங்க. அதுல நான் தரையில இல்ல."

ஒலிபெருக்கியில் தாருவின் குரல்: "தண்ணியிலயா?"

"கொஞ்சம் மேல."

"எவ்வளவு மேல?"

"நாலே கால் மீட்டர். கொட்டகைக் கூரை."

"எந்த வருஷத்துலேர்ந்து?"

"ஆரம்பத்துலேர்ந்தே."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "நான் நேர்ல வர்றேன்" என்றார் தாரு.

"கொட்ட வர்றாங்க" என்றார் உர்போ, தொலைபேசியை வைத்துவிட்டு.

மார்ச் இரண்டாம் வாரம் தாரு வந்தார். முழங்கால் பனியில் நடந்து கொட்டகையைச் சுற்றி வந்தார். அளவு நாடாவை மேலே பிடித்துப் பார்த்தார். நாலு மீட்டர் இருபத்தாறு சென்டிமீட்டர். உர்போ அதற்கும் மன்னிப்புக் கேட்டார். ஹெல்வி கையில் காப்பிக் குடுவையோடு, இது எவ்வளவு நேரம் இழுக்கும் என்ற முகத்தோடு நின்றார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்" என்றார் தாரு. "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது தரையில நின்னு எண்ணியிருக்கீங்களா?"

உர்போவின் முகம் வெளுத்தது. "2006-ல கால் ஒடிஞ்சு கட்டுப் போட்டிருந்தேன்."

தாரு நாடாவை மடித்தார்.

"ஏணியில ஏற முடியல" என்று உர்போ தொடர்ந்தார், குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் போல.

"அதனால?"

"அதனால நான்தான் தூக்கிவிட்டேன்" என்றார் ஹெல்வி. "டிராக்டர் முன்வாளியில. சாணி அள்ளுற வாளி. கழுவக்கூட நேரம் குடுக்கல, 'பனி உடைஞ்சிருச்சு, பனி உடைஞ்சிருச்சு'ன்னு நச்சரிச்சான். முகட்டுல கொட்டிட்டு வந்தேன். ரெண்டு தடவையும்."

"அதே முகட்டுலயா?"

"வேற முகடு எங்க இருக்கு?"

தாரு சிரிக்க ஆரம்பித்தார். ஆய்வாளர்கள் சிரிப்பதை நாங்கள் அதிகம் பார்த்ததில்லை. நிறுத்தத் தெரியாது போலிருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அப்பாடா. நடுவுல ஒரே ஒரு வருஷம் நீங்க ஒழுங்கா நின்னிருந்தா எல்லாத்தையும் கெடுத்திருப்பீங்க."

உர்போவுக்குப் புரியவில்லை. "தப்பா நின்னது..."

"தப்பா நிக்கலாங்க. ஒரே தப்பா நிக்கணும். ஏறுதா இறங்குதான்னுதான் எங்களுக்குத் தெரியணும். எங்கேர்ந்து பாத்தாலும் ஏத்தமும் இறக்கமும் தெரியும், ஆள் நகராம இருந்தாச் சரி." பிறகு ஹெல்வியைப் பார்த்தார். "ஆனா கூரைக்கும் தரைக்கும் எவ்வளவு வித்தியாசம்னு தெரியணும். ஒரே நேரத்துல ஒருத்தர் மேல, ஒருத்தர் கீழ. ரெண்டு வசந்தம் எண்ணினாப் போதும். அதுவரைக்கும் கொட்டகை நிக்கணும்."

"லாரி இருபத்தெட்டாம் தேதி வருது."

யாரும் எதுவும் சொல்லவில்லை. உர்போகூடச் சொல்லவில்லை. அதுதான் ஹெல்வியை அசைத்தது என்று நினைக்கிறேன். குடுவையைத் திறந்து காப்பியை ஊற்றிக்கொண்டே, "ரெண்டு வருஷம் கூடக் கிடந்தா பலகை இன்னும் சாம்பல் பூக்கும். அவங்களுக்கு அதுதானே வேணும்" என்றார். "ஆனா கீழ நிக்கிறது யாரு?"

எல்லாரும் அவரையே பார்த்தோம்.

அப்படித்தான் அந்த ஆண்டு மே மாதக் காலை ஐந்து மணிக்கு, எழுபத்தாறு வயது உர்போ இடுப்பில் பழைய வண்டி வார்ப்பட்டையைக் கட்டிக்கொண்டு கூரைமேலும், அறுபத்தெட்டு வயது ஹெல்வி ரப்பர் பூட்ஸோடு சிவப்புப் புள்ளியிலும் நின்றார்கள். கண்புரை அறுவை செய்து ஒரு வருடம் ஆகியிருந்த ஹெல்விக்கு ஊசிவால் வாத்தின் வால்கூடத் தெரிந்தது. ஒருவர் எண்ணியதை மற்றவர் பார்க்கக் கூடாது; பேசக் கூடாது. நான் நடுவராக நின்றேன். பத்து நிமிடம் பேசாமல் இருந்தார்கள். மணி அடித்ததும் ஆரம்பித்தார்கள்.

"இங்க ஒரு பச்சைத்தலை ஆண் மட்டும் ஒத்தையா நீந்துது. என்ன எழுத?"

"ஜோடின்னு எழுது."

"ஒத்தை ஆம்பளை எப்படி ஜோடியாகும்?"

"பொண்ணு கூட்டுல முட்டைமேல உக்காந்திருக்கும். தனி ஆண் ஒண்ணு தெரிஞ்சா ஒரு ஜோடி. பதினோராம் பக்கம்."

"அப்ப நீ எழுபத்தாறு வருஷமா ஜோடியா?"

"நான் கூரைமேல இருக்கேன். உன் கணக்குல வரமாட்டேன்."

"சாணி வாளியில மேல போனவன்தானே நீ. பேசாம இறங்கு."

ஜூன் காலையில் கொசு இருவருக்கும் பாரபட்சம் காட்டவில்லை. அடுத்த ஆண்டும் இரண்டு காலைகள். நான்கு காலைகளிலும் சேர்த்துக் கூரையிலிருந்து முப்பத்தெட்டு ஜோடி, தரையிலிருந்து இருபத்தாறு. ஏறத்தாழ மூன்றுக்கு இரண்டு. தாரு அதை ஒரு வரியாகக் கணினியில் ஏற்றினார். முப்பத்தைந்து ஆண்டுகளும் நின்றன. ஒரு சொட்டுக்கூடக் கொட்டவில்லை.

ஆனால் நாமத்தலை வாத்து 2023-இல் கூரையிலிருந்து ஒரே ஒரு ஆண். தரையிலிருந்து ஒன்றுமில்லை. பதினொன்றில் தொடங்கி அது ஒவ்வொன்றாகத்தான் குறைந்து வந்தது. உர்போ அதைத் தன் கண்ணின் குறை என்று பத்து ஆண்டுகளாக நம்பியிருந்தார். அதற்காகவே இரண்டு முறை தொலைநோக்கியை மாற்றினார், யாரிடமும் சொல்லாமல். அந்த இலையுதிர்காலத்தில் தாரு ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்தார். அதில் வடக்கேயுள்ள ஏரிகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு கோடு. கூர்னா ஏரிக்கு ஒரு கோடு.

"உங்க கோடு கொஞ்சம் மேல ஓடுது, கூரை உயரத்துக்கு" என்றார். "ஆனா இறங்குறது ரெண்டும் ஒரே மாதிரிதான் இறங்குது."

உர்போ தாளை நெடுநேரம் பார்த்தார். "அப்ப என் கண்ணு சரியாத்தான் இருக்கு."

"சரியாத்தான் இருக்கு."

"அதுதான் மோசம்" என்றார்.

அன்று மாலை வரை அவர் பேசியது அவ்வளவுதான். ஹெல்வி அவருக்கு இரண்டாவது முறையும் காப்பி ஊற்றினார், கேட்காமலே.

அடுத்த மார்ச்சில் லாரி வந்தது. கொட்டகை போயிற்று. அந்த மே மாதம் ஆறாவது இடத்தில் ஹெல்வி தரையில் நின்றார். உர்போ வரவில்லை, வந்தால் பேசுவார் என்று வீட்டிலேயே இருந்துகொண்டார்.

உர்போ ராசானென் 1989 முதல் 2023 வரை, ஆண்டுக்கு இரண்டு காலை வீதம், கூர்னா ஏரியின் ஏழு இடங்களிலிருந்து நீர்ப்பறவைகளை எண்ணினார். ஒரு காலையும் தவறவிடவில்லை. ஆறாவது இடத்தில் எழுபது முறையும் தவறான இடத்தில் இருந்தார். ஒரு முறைகூட இடம் மாறவில்லை.